அடுப்பின் வலது கை

நவம்பர் 4, இரவு

அக்காவுக்கு,

துணி துவைக்கும் அறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுத்து இப்படி ஆடுகிறது. பயத்தாலும்தான். நாளைக்கு முதல் பஸ்ஸை ஓட்டுவது அப்பா, நாலரைக்கே எழுந்துவிடுவார். அவர் இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிட்டு, குறட்டை திரும்ப வரும்வரை காத்திருக்கிறேன். இதுவரை எழுதிய நாலு வரிக்கு மூன்று தடவை அணைத்தாகிவிட்டது.

நீ போய்ப் பதினாலு மாதம். வீட்டில் உன் பேச்சே கிடையாது. ஒரு நாள் சாப்பிடும்போது நம் கடைக்குட்டி பட்டாணி, "அக்கா எங்க?" என்று கேட்டாள். "இதோ பக்கத்துல உக்காந்திருக்காளே" என்று அப்பா என்னைக் காட்டினார். அவளுக்கு அப்போது மூன்று வயது, நம்பிவிட்டாள்.

நீ போனதும் அனுப்பிய கடிதத்தை அப்பா பிரிக்கவே இல்லை. தூக்கிப் போடவும் இல்லை. யூனிஃபார்ம் பொத்தான் போட்டு வைக்கிற டப்பாவில் அடியில் கிடக்கிறது. உறையின் பின்னால் இருந்த பட்டறை முகவரியை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

விஷயம் என்னவென்றால், வீட்டைச் சூடாக்குகிற கூடத்து அடுப்பு சரியாக எரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் தபதபவென்று எரிகிறது. அந்தப் பக்கத்து விறகு அரை மணியில் சாம்பல். மறு பக்கத்து விறகு கரிந்து, அப்படியே புகைந்துகொண்டு கிடக்கிறது. கதவுக் கண்ணாடியும் பாதி தெளிவு, பாதி கறுப்பு. விறகு வீணாகிறது என்று அப்பா காற்றுத் திறப்பை மூடுகிறார். மூடினாலும் எரிகிற பக்கம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, புகைகிற பக்கம்தான் இன்னும் புகைகிறது. விறகு போடக் கதவைத் திறந்தால் கூடம் முழுக்கப் புகை.

பட்டாணிக்கு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் அப்பாவிடம், "புகை இருக்கிற வீட்ல இந்தக் குழந்தை இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் அடுப்பு சரியாகவில்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் அப்பா அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறார். அங்கே மின் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மூன்று மாதத்தில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. குளிர் முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்கிறார். குளிர் முடியும்போது பரீட்சையும் முடிந்திருக்கும்.

நீதான் இப்போது அடுப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறாயே, என்ன செய்வது என்று எழுது. வீட்டுக்கு எழுதாதே. பள்ளிக்கூட முகவரிக்கு எழுது, ஆபீஸ் டீச்சர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பா இருமுகிறார்.

எலி

*

நவம்பர் 8

எலி,

பதினாலு மாதம் கழித்து ஒரு கடிதம். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது, அடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒன்றரைப் பக்கம். கோபம் வந்தது. அப்புறம் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியதும் போய்விட்டது.

அப்பா உன்னை எழுதச் சொன்னாரா என்று கேட்க மாட்டேன். சொல்லியிருக்க மாட்டார். "புகைபோக்கி ஏறுறதுன்னா ஏறு, ஆனா இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொன்னவர் அவர். ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று மட்டும் மூன்று கூரை.

உன் அடுப்புக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதைச் செய்தவள் நான்தான்.

கதவின் உள்பக்கம் ஓரத்தில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும், பார்த்திருப்பாய். அதில் ஒட்டியிருக்கும் பஞ்சு மாதிரியான வெள்ளைக் கயிறுதான் கதவையும் அடுப்பையும் இடைவெளி இல்லாமல் மூடுகிறது. நாளாக ஆக அது கறுத்து, குச்சி மாதிரி இறுகிப்போகும். அப்புறம் சந்து வழியாகக் காற்று உள்ளே போகும். காற்றுப் போகிற பக்கம் தீ பாயும், மறு பக்கம் பட்டினி.

நான் கிளம்பிய அன்று காலையில் அந்தக் கயிற்றைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா ரெண்டு மீட்டர் வாங்கி வந்திருந்தார். இடது பக்கம் ஒட்டி முடித்தேன். வலது பக்கம் தொடுவதற்குள், பஸ் டிப்போவில் டிக்கெட் கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். நான் அடுப்புப் பட்டறைக்குத்தான் போவேன் என்றேன். மீதி உனக்குத் தெரியும், நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஆக, வலது பக்கத்தில் இருப்பது பழைய கயிறு. அதைப் பிரித்து எடு. மேல் நடுவிலிருந்து கீழ் நடு வரைக்கும்தான். பள்ளத்தைச் சுரண்டு. இரும்புச் சாமான் கடையில் ஒரு மீட்டர் கேட்டு வாங்கி, சூடு தாங்கும் பசை போட்டு ஒட்டு. அடுப்பு ஆறியிருக்கும்போது செய். அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

அக்கா

*

நவம்பர் 14, இரவு

அக்காவுக்கு,

பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். இரு, சொல்கிறேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ சொன்னபடி வலது பக்கக் கயிற்றைப் பிரித்தேன். எடுக்கும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. எரிகிற பக்கம் இடது பக்கம்தானே என்று நினைத்தேன். எடுத்த கயிறு வேறு வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. ஆனால் நீ பட்டறையில் வேலை செய்கிறவள், நான் அடுப்பைத் திறக்கவே பயப்படுகிறவள். எனக்குத் தோன்றியதை நான் நம்பவில்லை.

பட்டாணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அப்படி ஒரு கயிற்றைப் பார்த்ததே இல்லையாம். "கொடி கட்டுற கயிறு தரட்டுமா பாப்பா, நல்லா உழைக்கும்" என்றார். அடுப்புக்கு என்றேன். "அடுப்பைக் கட்டிப் போடணுமா, ஓடுதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வேறு இரண்டு கடை ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை.

நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அப்பா வந்துவிட்டார். அவருடைய ஷிப்ட் மாறியிருக்கிறது, எனக்குத் தெரியாது. பட்டாணியைக் கூட்டிவந்து, வீடு குளிர்கிறதே என்று அடுப்பையும் பற்றவைத்துவிட்டார்.

நான் படியேறும்போதே சத்தம் கேட்டது, லாரி மேடேறுகிற மாதிரி. உள்ளே போனால் புகைக்குழாயின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறது. காற்றுத் திறப்பை அப்பா முழுக்க மூடியும் தீ அடங்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்து வாளி மணலைக் கொட்டினார். தீ அணைந்தது, கூடம் முழுக்கப் புகை. பட்டாணிக்கு நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவளைப் போர்வையில் சுற்றி டாக்டரிடம் ஓடினோம். இப்போது பரவாயில்லை, தூங்குகிறாள். ஆனால் அன்றைக்கு அவள் உதடு இருந்த நிறத்தை என்னால் மறக்க முடியாது.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார், "கதவுல கை வச்சது யாரு?"

"நான்தாம்பா. கயிறு மாத்தலாம்னு பிரிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

அடுப்பைப் பார்த்தார். "அது இடது" என்றார். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு இடது வலது தெரியவில்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முப்பதாம் தேதி அத்தை வருவா. ரெண்டு பேரும் துணிமணி எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று ராத்திரி ஆறிப்போன அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன், திட்டுவதற்காகத்தான். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார். சட்டென்று கடிதத்தை அடுப்பில் திணித்துக் கதவைப் பூட்டினேன். பாதித் தாள் இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை முதுகால் மறைத்துக்கொண்டு, பட்டாணிக்குக் கம்பளி தேடுகிறேன் என்று புளுகினேன். அவர் போனதும் தாளை இழுத்தேன். பூட்டிய கதவுக்குள்ளிருந்து, புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டை உருவுகிற மாதிரி வந்துவிட்டது. கயிறு இருக்கிற பக்கம் அது. அங்கே எப்படி இவ்வளவு லேசாக வரும்?

பழைய கேள்வித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். இடது பக்கம் மேலே, நடுவில், கீழே, எங்கே வைத்துப் பூட்டினாலும் துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு நான் பிரித்த வெள்ளைக் கயிற்றை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து, வலது பக்கப் பள்ளத்தில் விரலால் அழுத்தி வைத்துப் பூட்டிப் பார்த்தேன். அங்கே காகிதம் கிழிந்ததே தவிர, வரவில்லை.

நான் பிரித்தது நல்ல கயிறு. பழையது இடது பக்கம் இருக்கிறது. நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் அக்கா. அன்றைக்குச் சண்டையில் எந்தப் பக்கம் ஒட்டினாய் என்பதே உனக்கு மறந்துபோயிருக்கிறது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வருகிறது.

எலி

*

நவம்பர் 18

எலிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், சாப்பாடு அப்படியே இருக்கிறது. பட்டாணிக்கு இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

எந்தப் பக்கம் ஒட்டினேன் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் தப்பு என்னுடையதுதான், முழுக்க என்னுடையது. அப்பா சொன்னது சரி. அது இடது.

அந்த அடுப்பு வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பாவும் நானும்தான் அதை நிறுத்தினோம். அவர் பின்னால் நின்று குழாயை மாட்டினார், நான் முன்னால் நின்று பார்த்துச் சொன்னேன். நான் வலது என்றால் அவருக்கு இடது, அவர் இடது என்றால் எனக்கு வலது. இரண்டு பேரும் அரை மணி நேரம் கத்தினோம். கடைசியில் அப்பா சொன்னார்: "உன் கையும் வேண்டாம், என் கையும் வேண்டாம். அடுப்பு உன்னைப் பாத்துட்டு நிக்குது. அதுக்கு ரெண்டு கை இருக்குன்னு வச்சுக்க. அதோட வலது கைதான் வலது." அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அடுப்பின் வலது என்றால் அடுப்போட வலது கைதான். எதிரே நிற்கிற உனக்கு அது இடது. உனக்கு யாரும் சொல்லவில்லை, நீ அப்போது பிறந்திருக்கவே இல்லை. உலகத்திலேயே இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற ஒரு பேச்சில் உனக்கு எழுதியிருக்கிறேன், அது தெரியாமலே.

எந்தப் பக்கம் எரிகிறது என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம். பட்டறையில் முதல் நாளே சொல்லித் தருவது அதுதான், முதலில் கேள், அப்புறம் கையை வை. இரண்டாவதாகச் சொல்லித் தருவது காகிதத் துண்டை வைத்துச் சந்து பார்ப்பது. உனக்கு நான் சொல்லவில்லை, நீயே கண்டுபிடித்திருக்கிறாய், அப்பாவுக்குத் தெரியாமல் முதுகால் மறைத்துக்கொண்டு. பட்டறை முதலாளியம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணை இங்க அனுப்பு, உன்னை வீட்டுக்கு அனுப்பறேன்" என்றார்.

இந்தப் பொட்டலத்தில் இருப்பது மீதிக் கயிறு, அதே ரெண்டு மீட்டரில் மறு பாதி. கிளம்பும்போது என் தகரப் பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. கையில் இருந்ததை வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். அது அப்பா வாங்கிய கயிறு என்பதே பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. பட்டறையில் இதே கயிறு கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, ஆனாலும் பெட்டியிலிருந்து இதைத்தான் அவிழ்த்தேன். பெட்டியின் பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகாது. கூடவே பசை.

இப்போது உன் இடது, உன் வலது என்றே எழுதுகிறேன். உன் இடது பக்கத்துப் பழைய கயிற்றைச் சுரண்டி எடு. பிஸ்கட் டப்பாவில் இருப்பதை உன் வலது பக்கத்தில் ஒட்டு, நான் அனுப்பியதை இடது பக்கத்தில். கயிற்றை இழுக்காதே, தளர்வாகப் படுக்கவை. கதவைப் பூட்டி ஒரு முழு நாள் விடு. முதல் தீ சின்னதாக இருக்கட்டும். ஒட்டி முடித்து, சுற்றிலும் காகிதத் துண்டு வைத்துப் பார்க்கும்வரை யாரும் பற்றவைக்கக் கூடாது, அப்பா சொன்னாலும்கூட.

"அது இடது" என்று சொல்லிவிட்டு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை நான் பல தடவை படித்துவிட்டேன். அவர் முகம் எப்படி இருந்தது? வேண்டாம், விடு. எழுதாதே.

அக்கா

*

நவம்பர் 30, இரவு

அக்காவுக்கு,

இதைக் கூடத்தில், மேஜைமேல், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். டார்ச் இழுப்பறையில் இருக்கிறது. அப்பா முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காதே.

பொட்டலம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய மின் ஹீட்டரை வைத்துச் சமாளித்தோம். அதைப் போட்டால் விளக்கு போகும், விளக்கைப் போட்டால் அது போகும். பட்டாணிக்கு மூச்சு சரியாகிவிட்டது, ஆனால் மூன்று கம்பளிச் சட்டையில் கை மடங்காமல் பொம்மை மாதிரி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆரம்பித்தேன். இடது பக்கத்துப் பழைய கயிறு ஆணியால் குத்தினால்தான் வந்தது, சின்னச் சின்னத் துண்டாக, கரிக்குச்சி மாதிரி. பள்ளத்தை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்தேன். வலது பக்கம் ஒட்டி முடித்து இடது பக்கத்துக்குப் பசை வைக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம். அப்பா.

எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் பசை காய்ந்துவிடுமே அக்கா.

"மறுபடியும் என்ன பண்றே?"

"பழைய கயிறை எடுத்துட்டேம்ப்பா. அது அடுப்போட வலது கைப் பக்கம் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அப்பா தொப்பியைக் கழற்றப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அதை யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்து கயிற்றை எடுத்தார். பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வெளியூர்ல தேடி ரெண்டு மீட்டர் வாங்கினேன்" என்றார். "மீதி எங்கேன்னு வீடு முழுக்கத் தேடினேன்."

"பெட்டி கட்டிட்டுப் போயிருக்கா."

"அது தெரியாம ரெண்டு பரண் இறக்கினேன்." அப்புறம் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்தார். "கதவு ஆடுது பாரு. நான் பிடிச்சுக்கறேன். நீ ஒட்டு."

நான் ஒட்டினேன். நீ சொன்ன மாதிரி இழுக்காமல், தளர்வாக. கீழ் நடுவுக்கு வந்தபோது கயிறு பத்துமா என்று விரலால் அளந்து பார்த்தேன். அன்றைக்கு நீ கத்தியால் சாய்வாக வெட்டியிருக்கிறாய். இந்த முனையும் அந்த முனையும் சாய்வுக்குச் சாய்வு போய் உட்கார்ந்தன. எங்கே சேர்ந்தது என்று விரலால் தடவினால்தான் தெரிந்தது. அப்பாவும் தடவிப் பார்த்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் தடவினார்.

சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு காகிதத் துண்டு வைத்துப் பார்த்தோம். அப்பா ஆறு, நான் ஆறு. ஒன்றுகூட வரவில்லை. அப்பா தன் துண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கிழித்துவிட்டு, "என் பக்கம்தான் இறுக்கம்" என்றார். சின்னதாக ஒரு தீ. "நீயே பத்தவை" என்று தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. முதலில் தவழ்கிற மாதிரி மெதுவாக, அப்புறம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே உயரமாக. காற்றுத் திறப்பைக் கொஞ்சம் மூடினேன். தீ முழுக்க ஒரே மாதிரி தாழ்ந்தது. திறந்தேன், ஒரே மாதிரி எழுந்தது. சொன்னபடி கேட்டது அக்கா. நான் சொன்னபடி. எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவே இல்லை, பட்டாணி எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

இன்றைக்கு அத்தை வந்தாள். எங்கள் துணிக்கென்று காலிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். சால்வையை எடுத்தாள். அப்புறம் ஸ்வெட்டர். காப்பி குடித்து முடிப்பதற்குள், "ஏன்டா, ஜன்னலைத் திற, ஆளை வேக வைக்கிறியா" என்றாள். பட்டாணி ஒரே சட்டையோடு தரையில் உருண்டுகொண்டிருந்தாள். அத்தை அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கூடத்தில் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "இதுக்கா என்னை அஞ்சு மணி நேரம் ரயில்ல வரவழைச்சே?" என்று கேட்டாள். மூன்றாவது காப்பிக்குப் பிறகு காலிப் பெட்டியோடு கிளம்பிப் போனாள். அந்தப் பெட்டி எங்கள் வாசலைத் தாண்டித் தெருமுனை திரும்பும்வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அத்தை போன பிறகு அப்பா பொத்தான் டப்பாவைத் திறந்து உன் உறையை எடுத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு படித்தார். என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "குழாய் உள்ள கரி கட்டியிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல யாரும் கூரை ஏறல. நல்லா வேலை தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா வரச் சொல்லி எழுது."

"படி ஏறி வரலாமாப்பா?" என்று கேட்டேன். எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை.

"படி ஏறாம கூரைக்கு எப்படிப் போறது?" என்றார்.

இப்போது இந்தக் கடிதம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் செய்தித்தாள் படிக்கிறார். தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, ஆனால் பக்கமும் புரளவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்?

எலி

*

டிசம்பர் 3

எலிக்கு,

நன்றாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

ஆள் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி ரயிலில் இறங்கும். கையில் நீளத் தூரிகை இருக்கும். பூட்டுப் போட்ட தகரப் பெட்டி இருக்கும், கயிறு இருக்காது. ஸ்டேஷன் வாசலிலிருந்து ஏழாம் நம்பர் பஸ் ஏறுவதாக உத்தேசம். அன்றைக்கு அதை ஓட்டுவது யார் என்று டிப்போவுக்குப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூரிகைக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பேன் என்று டிரைவரிடம் சொல்லி வை.

ஸ்டாப்பில் எங்கே நிற்பேன் என்று அவர் கேட்டால், இடது கைப் பக்கம் என்று சொல். என் இடது இல்லை, பஸ்ஸோட இடது கை. அவருக்குப் புரியும்.

அக்கா